நீலகிரியின் பச்சையும் பவானியின் தண்ணீரும்

ஆனி பிறந்துவிட்டால் கோபி, சத்தியமங்கலம் பக்கத்து டீக்கடைகளில் முதல் விசாரிப்பு "அணை எத்தனை அடி?" என்பதுதான். பவானிசாகர் நீர்மட்டத்தை அங்கே தங்கம் விலை பார்ப்பதுபோல் தினமும் பார்ப்பார்கள். 1948-ல் தொடங்கி 1955-ல் கட்டி முடித்த அணை. உயரம் 105 அடி, கொள்ளளவு 32.8 டி.எம்.சி. கீழ்பவானி வாய்க்காலை நம்பி மட்டும் 2.07 லட்சம் ஏக்கர் இருக்கிறது. அதற்கும் கீழே கொடிவேரி, காலிங்கராயன் என்று பழைய பாசனங்கள். அணைக்கு மேலேயோ பில்லூரிலும் மேட்டுப்பாளையத்திலும் எடுக்கும் தண்ணீர் கோவைக்கும் திருப்பூருக்கும் குடிநீராகப் போகிறது.

அடுத்த கேள்வி "மேலே மழை எப்படி?" என்று வரும். மேலே என்றால் நீலகிரி. அந்த மழை விழுகிற தரையில் இப்போது என்ன இருக்கிறது என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அணைக்கு எவ்வளவு தண்ணீர், எந்த மாதத்தில், எந்த நிறத்தில் வந்து சேரும் என்பதில் பாதியை அந்தத் தரைதான் முடிவு செய்கிறது. இருநூறு ஆண்டுகளில் அந்தத் தரை பல கை மாறி, பல வேடம் போட்டுவிட்டது.

பவானிசாகருக்கு இரண்டு கைகள். ஒன்று பவானி. அவலாஞ்சி, எமரால்டு பக்கத்து ஓடைகள் குந்தா ஆறாகி இதில்தான் சேர்கின்றன. குன்னூர் ஆறு மேட்டுப்பாளையம் அருகே வந்து கலக்கிறது. இன்னொன்று மாயாறு. முக்கூர்த்தி சிகரத்தடியில் பைக்காராவாகப் பிறந்து, மலையின் வடக்கே இறங்கி, பள்ளத்தாக்கு வழியாக வருகிறது. ஊட்டியைச் சுற்றிய மேட்டுநிலத்தின் பெரும்பகுதித் தண்ணீருக்கு இந்த இரண்டில் ஒன்றுதான் போக்கிடம்.

1819-ல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறியபோது அந்த மேட்டுநிலத்தின் பெரும்பகுதி புல்வெளி. மடிப்புகளில், ஓடை பிறக்கிற இடங்களில் மட்டும் குட்டை குட்டையான மரங்கள் நெருங்கிய சோலைக்காடு. புல்வெளிச் சரிவும் சோலையும் சந்திக்கிற தாழ்வில் சதுப்பு. தோடர்களின் எருமைகள் மேய்ந்ததும் அவர்களுடைய மந்துகள் (குடியிருப்புகள்) இருந்ததும் அந்தப் புல்வெளியில்தான். வெள்ளைக்காரர்களின் வருவாய்க் கணக்கில் அது தரிசு என்று ஏறியது. மரமும் இல்லை, உழவும் இல்லை, வரியும் வராது. வேறென்ன பெயர் வைப்பார்கள்?

அந்தத் 'தரிசு' செய்துவந்த வேலை சாதாரணமானது அல்ல. உயரத்துப் புல்லின் வேர் ஆழம் போகாது. தண்ணீரையும் அதிகம் குடிக்காது. மார்கழி, தை உறைபனியில் கருகிக் கிடக்கும் காலத்தில் அதற்குத் தண்ணீரே தேவையில்லை என்று சொல்லலாம். அதனால் மண்ணுக்குள் இறங்கிய மழையில் பெரும்பங்கு மெல்ல நகர்ந்து சதுப்புக்கு வரும். சதுப்பு அதைப் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடும். சோலைக்கு அடியில் மக்கிய இலை கலந்த கருமண் ஆழமாக இருக்கும். எவ்வளவு அடித்த மழையையும் முதலில் உள்ளே வாங்கும். மழை நின்று மாதக்கணக்கான பிறகும், பங்குனி சித்திரையிலும் ஓடையில் தண்ணீர் ஓடியது இந்தக் கூட்டுவேலையால். கசிவாக வரும் இந்த ஓட்டம்தான் ஆற்றின் கோடைக்கால உயிர். வெள்ளமாக வருவதை அணை வேண்டுமானால் பிடித்துக்கொள்ளலாம்; அணைக்கு மேலே இருக்கிற ஊர்களுக்கும் ஓடைகளுக்கும் இந்தக் கசிவைத் தவிர வேறு கதி இல்லை.

வந்தவர்களுக்குக் குளிருக்கு விறகு வேண்டியிருந்தது. சோலைகளை வெட்டினார்கள், போதவில்லை. 1840-களில் ஆஸ்திரேலியாவிலிருந்து தைலமரமும் சீகையும் வந்தன. (தைலமரம் என்பது யூகலிப்டஸ்; ஊட்டிக்காரர்கள் கற்பூர மரம் என்பார்கள். இங்கே சீகை என்பது வாட்டில் மரம், தலைக்குத் தேய்க்கும் சீயக்காய் அல்ல.) முதலில் விறகுக்கு, பிறகு சீகைப் பட்டை தோல் பதனிட, சுதந்திரத்துக்குப் பிறகு மரக்கூழுக்கு. சிறுமுகையில் மரக்கூழிலிருந்து செயற்கை இழை செய்யும் விஸ்கோஸ் ஆலை வந்ததும் நீலகிரியின் புல்வெளிகள்மேல் மரம் நடுவது வேகம் பிடித்தது. அதே காலத்தில்தான் கனடா உதவியுடன் குந்தா மின்திட்டமும் எழுந்தது. ஒருபக்கம் ஓடைகளை நம்பி அடுக்கடுக்காக அணைகள், மறுபக்கம் அந்த ஓடைகளின் தலைமாட்டில் தைலமரமும் சீகையும். இரண்டுமே அரசாங்கம் செய்த வேலைதான். ஒரு துறை செய்வது இன்னொரு துறையின் தண்ணீரைத் தொடும் என்று அன்றைக்கு யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

பிறகு சிலர் பார்த்தார்கள் என்பதுதான் நல்ல விஷயம். 1954 முதல் ஊட்டியில் மத்திய மண், நீர்வள ஆராய்ச்சி நிலையம் இயங்கிவருகிறது. அதன் விஞ்ஞானிகள் ஊட்டிக்கு அருகே கிளன்மார்கனில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொன்றும் சுமார் 32 ஹெக்டேர். இரண்டிலும் புல்வெளி, சதுப்பு, கொஞ்சம் சோலை. இரண்டின் வாயிலும் அளவுமேடை கட்டி, வெளியேறும் தண்ணீரை 1968 முதல் அளந்தார்கள். எந்த மாற்றமும் செய்யாமல் நான்கு ஆண்டுகள் வெறுமனே அளந்தது முக்கியம். இரண்டு ஓடைகளும் ஒரே மழைக்கு எப்படி நடந்துகொள்கின்றன என்பது அப்போதுதான் பிடிபடும். பின்னால் வருகிற வித்தியாசத்துக்கு மழையைக் காரணம் சொல்லித் தப்ப முடியாது. 1972-ல் ஒன்றில் மட்டும் 59 சதவீதப் பரப்பில் தைலமரம் நட்டார்கள். மற்றதைப் புல்லாகவே விட்டார்கள்.

பத்து ஆண்டுகள் கழித்து முதல் வெட்டு. அந்தச் சுற்றில் மரம் நட்ட ஓடையின் ஆண்டு நீர்வரத்து சுமார் 16 சதவீதம் குறைந்திருந்தது. வெட்டிய அடிக்கட்டையிலிருந்து மறுபடி தளிர்த்த இரண்டாம் சுற்றில் குறைவு சுமார் 25 சதவீதம். வேர் ஏற்கெனவே ஆழத்தில் இருந்ததால் மறுதளிர் இன்னும் வேகமாகக் குடித்தது. இந்தக் குறைவு வெள்ளத்தில் மட்டும் ஏற்பட்டதல்ல. கசிவோட்டமும் ஏறக்குறைய அதே அளவுக்கு, இரண்டாம் சுற்றில் கால் பங்குக்குச் சற்று மேலேயே, விழுந்திருந்தது. அதாவது கோடைத் தண்ணீர். நட்டது 59 சதவீதப் பரப்பில்தான் என்பதையும் மறக்கக் கூடாது.

நம் ஊரில் "மரம் நட்டால் மழை வரும், தண்ணீர் பெருகும்" என்பது பள்ளிச் சுவரில் எழுதுகிற வாசகம். பாலையாகக் கிடக்கிற மண்ணில், மேல்மண் அரித்துப்போன குன்றில், மரம் நட்டு மண்ணை மீட்டால் நீர் உள்ளே இறங்குவது கூடும், உண்மை. ஆனால் ஏற்கெனவே நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும் புல்வெளியில், அந்த மண்ணுக்குச் சம்பந்தமில்லாத, ஆண்டு முழுக்கப் பச்சையாக நிற்கும் மரத்தைக் கொண்டுவந்து நிறுத்தினால் கணக்கு தலைகீழாகிறது. கிளன்மார்கன் ஆய்வு வெளியாகிப் பல ஆண்டுகள் ஆகியும் பள்ளிச் சுவர் மாறவில்லை.

சுவர் போகட்டும், அரசின் கணக்கே அப்படித்தான் இருக்கிறது. இந்திய வன அளவை நிறுவனம் செயற்கைக்கோள் படங்களை வைத்து இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியிடும் அறிக்கையில், ஒரு ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில் பத்து சதவீதத்துக்கு மேல் மர விதானம் இருந்தால் அது வனப் போர்வை. என்ன மரம், யாருடைய நிலம் என்பது கேள்வியே இல்லை. தைலத்தோப்பு சேரும், சீகைக்காடு சேரும். புல்வெளி சேராது. ஆக, முக்கூர்த்திப் பக்கத்தில் ஒரு புல்வெளியைச் சீகை விழுங்கினால் அறிக்கையில் காடு கூடியிருக்கும். கீழே ஓடை வற்றியது எந்த அட்டவணையிலும் வராது. நீர்ப்பிடிப்பைப் பச்சை நிறத்தால் அளக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இதுவரை பேசியது தண்ணீரின் அளவு. தரம் கெட்டது வேறு வழியில், பள்ளத்தாக்குகளில்.

உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் சல்லிவன் காலத்திலேயே மலைக்கு வந்துவிட்டன. பிறகு கேரட், பீட்ரூட், பூண்டு. மேட்டுப்பாளையம் மண்டியில் இவற்றுக்கு இன்றும் தனி மரியாதை. ஆனால் கிழங்குப் பயிருக்கு மண்ணைப் பொடியாகக் கிளறியாக வேண்டும். அறுவடைக்கு மறுபடி கிளற வேண்டும். பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே போட்டால் தண்ணீர் தேங்கிக் கிழங்கு அழுகும் என்று பலர் சரிவோடு நேராக மேலிருந்து கீழே போடுகிறார்கள். தண்ணீர் வடிவதற்கு அது சௌகரியம். மண் போவதற்கும் அதுவே சௌகரியம். படிமட்டமாக வெட்டி, உட்பக்கம் சற்றே சாய்த்து, ஓரத்தில் புல் நட்டால் மண் பெருமளவு நிற்கும். இது அதே ஊட்டி நிலையத்தில் பல பத்தாண்டுகளுக்கு முன்பே நிரூபித்த விஷயம். செலவுதான் தடை. குத்தகைக்கு எடுத்தவர் அடுத்த வருஷம் அந்த நிலம் தன் கையில் இருக்குமா என்று தெரியாமல் எதற்குப் படி வெட்டுவார்?

சரிவைவிடப் பெரிய இழப்பு பள்ளத்தின் அடியில் நடந்தது. ஓடையோரச் சதுப்புகளில் வாய்க்கால் வெட்டி, நீரை வடித்து, தோட்டமாக்கினார்கள். தட்டையான இடம், கரிய மண், பக்கத்திலேயே தண்ணீர். விவசாயி கண்ணுக்கு அதைவிட நல்ல நிலம் உண்டா? தண்ணீரைப் பிடித்துவைத்து விடும் இடமும், மேலிருந்து வரும் மண்ணை வடிகட்டும் இடமும் அதே சதுப்புதான். அது போனதும் தோட்டத்துக்கும் ஓடைக்கும் நடுவே எதுவும் மிஞ்சவில்லை. போட்ட உரத்தில் பயிர் எடுத்ததுபோக மீதி தழைச்சத்தும் மணிச்சத்தும் முதல் மழையிலேயே ஓடையில். பதப்படுத்தாத கோழி எருவும் அப்படியே.

உருளைக்கிழங்குக்கு வேறொரு சிக்கலும் சேர்ந்தது. 1961-ல் ஊட்டியில் பொன்னிற முட்டைக்கூட்டு நூற்புழு இருப்பது தெரியவந்தது. ஐரோப்பாவிலிருந்து விதைக்கிழங்கோடு வந்த புழு என்பதே பொதுவான கருத்து. முட்டைகளைக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டு மண்ணில் பல வருஷம் சும்மா கிடக்கும். கிழங்கு நட்டதும் எழுந்து வரும். பயிர் சுழற்சியும் எதிர்ப்புத்திறன் உள்ள ரகங்களும் ஒரு வழி. குறுணை நஞ்சை மண்ணில் இடுவது சுலபமான வழி. பலகாலம் எது அதிகம் நடந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கேத்தி பாலாடாவில் கேரட் கழுவுகிற இயந்திரத்தைப் பார்த்தால் இந்த மொத்தக் கதையும் ஒரே இடத்தில் கிடைக்கும். சல்லடைபோல் ஓட்டை போட்ட பெரிய இரும்பு உருளை. உள்ளே மூட்டை மூட்டையாகக் கேரட்டைக் கொட்டி, மோட்டாரில் சுற்றவிட்டு, குழாயில் தண்ணீரைப் பீய்ச்சுவார்கள். மண் அப்பிய கேரட் உள்ளே போகும், சில நிமிஷத்தில் பளபளவென்று ஆரஞ்சு நிறத்தில் வெளியே வரும். உருளையின் அடியில் காப்பி நிறத்தில் கொட்டுகிற தண்ணீர் ஒரு வாய்க்காலைப் பிடித்து நேரே ஓடைக்குப் போகும். எடுத்த தண்ணீரும் அந்த ஓடையுடையதுதான். அங்கே நின்ற ஒருவரிடம் கேட்டேன். "கழுவாம அனுப்புனா மண்டில விலை கிடைக்காதுங்க" என்றார். பொய்யில்லை. சென்னையில் வாங்குகிறவருக்கு மண்ணில்லாத கேரட் வேண்டும். அந்த மண் காட்டேரி ஓடைக்குப் போய், குன்னூர் ஆற்றில் சேர்ந்து, பவானிக்கு இறங்குகிறது. கழுவுமிடங்களுக்கு வண்டல் தங்கும் தொட்டி வேண்டும், ஓடையோரத்தில் வைக்கக் கூடாது என்று மாவட்ட நிர்வாகம் அவ்வப்போது கெடுபிடி செய்கிறது. கெடுபிடி தளர்ந்ததும் உருளை சுற்றுகிறது.

இப்படிப் போகிற மண் எங்கே போய்ச் சேரும்? முதலில் மலையிலுள்ள மின்வாரிய அணைகளில். குந்தா, பில்லூர் போன்ற அணைகளில் தூர் தேங்குவது பல காலமாகப் பேசப்படும் பிரச்சினை. தூர் ஏறிய அணையில் தண்ணீர் தங்கும் இடம் குறையும். கனமழையில் சீக்கிரமே மதகைத் திறந்தாக வேண்டும். குழம்பிய தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்தால் அங்கே படிகாரம் கூடுதலாக இட வேண்டும். மலைத்தோட்டத்திலிருந்து கோவையின் குழாய்வரை இந்தச் செலவு ஒரு சங்கிலியாக நீள்கிறது. யாருடைய கணக்கிலும் மொத்தமாக எழுதப்படுவதில்லை.

தேயிலையைப் பற்றிப் பொதுவாக ஒன்று சொல்லிவிடலாம். செடி அடர்ந்து தரையை மூடிய பிறகு தேயிலைத் தோட்டம் கிழங்குத் தோட்டத்தைவிட மண்ணை நன்றாகவே பிடிக்கும். ஆபத்து புதிதாக நடும் முதல் சில ஆண்டுகளிலும், களையே இருக்கக் கூடாது என்று மருந்தடித்துத் தரையை மொட்டையாக்கும்போதும். 1980-களில் சோவியத் ஒன்றியம் வாங்கிய வாங்கலில் படுகர் சிறு விவசாயிகள் பலர் கிழங்கை விட்டுத் தேயிலைக்கு மாறினார்கள். தொண்ணூறுகளின் இறுதியில் விலை விழுந்ததும் சிலர் மறுபடி காய்கறிக்கே திரும்பினார்கள். நிலப் பயன்பாடு மாறுவது மலையில் நடக்கிற முடிவு மட்டுமல்ல. மாஸ்கோவில் ஒரு கொள்முதல் நின்றால் கேத்தியில் ஓடை கலங்கும்.

கூடலூர், கோத்தகிரி பக்கத்தில் இன்னொரு தேயிலைக் கதை உண்டு. 1964-ன் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர்களுக்கு வேலை தர, வனத்துறையே காட்டுநிலத்தில் தேயிலை நட்டது. பின்னால் அது டான்டீ (அரசின் தேயிலைத் தோட்டக் கழகம்) ஆயிற்று. தலைமுறைகளாக இன்னொரு நாட்டின் மலையில் கொழுந்து பறித்து, நாடற்றவர்களாக வந்து இறங்கியவர்களுக்குப் பிழைப்பு வேண்டாமா என்றால் வேண்டும்தான். அதற்குக் கொடுத்தது காடு என்பதும் உண்மைதான். சூழலியல் பேசுகிறவர்கள் இந்த இடத்தில் வேகமாகத் தாண்டிப்போவதை நான் கவனித்திருக்கிறேன்.

நகரத்துக்கு வருவோம். ஊட்டி ஏரி இயற்கையானதல்ல. 1820-களில் சல்லிவன் மலையோடைகளைத் தடுத்துக் கட்டியது. இன்றைய பேருந்து நிலையமும் பழைய குதிரைப் பந்தய மைதானமும் ஒருகாலத்தில் அதன் தண்ணீர் நின்ற இடம். மீதியுள்ள ஏரிக்கு நகரின் நடுவே ஓடிவரும் கோடப்பமந்து கால்வாய்தான் முக்கிய வரத்து, அதில் வருவது சாக்கடை கலந்த தண்ணீர். படகில் போகிற பயணிகள் மூக்கைப் பொத்துவது இதனால்தான். ஊட்டி மக்கள் அந்த ஏரியைக் குடிப்பதில்லை. பார்சன்ஸ் பள்ளத்தாக்கு, மார்லிமந்து, டைகர் ஹில் என்று ஆள்நடமாட்டம் குறைந்த நீர்ப்பிடிப்புகளிலிருந்து குடிநீர் எடுக்கிறார்கள். தங்கள் குடிநீருக்குத் தொடாத காடு, கழிவுக்கு ஏரி. ஏரியிலிருந்து வழிவது சாண்டிநல்லா வழியாகக் காமராஜ் சாகருக்குப் போய், மாயாற்றில் சேர்ந்து, பவானிசாகருக்கு வருகிறது. மலைக்கு மேலே கழித்துவிட்டது மலைக்குக் கீழே பாசனமாகிறது.

கீழேயும் ஆற்றை விட்டுவைக்கவில்லை. நீலகிரித் தைலமரத்தைக் கூழாக்கிய சிறுமுகை ஆலையின் கழிவு பவானியில் கலப்பதை எதிர்த்து மீனவர்களும் விவசாயிகளும் நெடுங்காலம் போராடினார்கள்; கடைசியில் ஆலை நின்றது. மேலே தண்ணீரைக் குடித்த மரம், கீழே தண்ணீரைக் கெடுக்கவும் செய்தது.

சரி, சீகையை வெட்டி எறிந்துவிட்டால் புல்வெளி திரும்புமா? உயர்நீதிமன்றம் அயல் மரங்களை அகற்றச் சொல்லியிருக்கிறது. 2022-ல் தமிழக அரசு ஊடுருவும் தாவரங்களுக்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. ஆனால் சீகை விதை மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மரத்தை வெட்டி வெயில் பட்டதும் ஆயிரக்கணக்கில் முளைக்கும். ஒரேயடியாக வெட்டினால் செங்குத்தான சரிவில் மண்ணைப் பிடித்து நிற்க எதுவும் இருக்காது. அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்த மழையை நினைத்தால் இது வெறும் பயமல்ல என்பது விளங்கும். 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி சுற்றுவட்டாரச் சரிவுகளில் நாற்பது பேருக்கு மேல் மண்ணுக்குள் போனதும் இதே மலையில். சில இடங்களில் பழைய சீகை நிழலில் சோலைக் கன்றுகள் தாமாக முளைத்து வருகின்றன; அங்கே சீகையை அவசரப்பட்டு வெட்டுவது நஷ்டம். புதிதாகப் புல்லுக்குள் நுழையும் இளஞ்சீகையைப் பிடுங்குவதே குறைந்த செலவில் அதிகப் பலன். முழு மலையையும் 1819-க்குக் கொண்டுபோகும் கனவைவிட எனக்கு நம்பிக்கை தருவது இந்த இளஞ்சீகையும், ஓடையோரச் சதுப்பும்தான். ஓடையின் இரு கரையிலும் சில மீட்டர் அகலத்துக்குப் புல்லாக விட்டாலே மண்ணில் கணிசமான பங்கு அங்கேயே நிற்கும்.

அந்தச் சில மீட்டர் ஒரு சிறு விவசாயிக்கு இரண்டு பாத்தி. அவர் ஏன் விட வேண்டும்? 1997-ல் நியூயார்க் நகரம் தன் குடிநீர் வரும் கேட்ஸ்கில் மலைப்பகுதி ஊர்களோடு ஓர் ஒப்பந்தம் செய்தது. பல நூறு கோடி டாலரில் வடிகட்டும் ஆலை கட்டுவதைவிட, மேலே இருக்கும் பண்ணைகளுக்கும் கழிவுநீர் வசதிக்கும் பணம் கொடுப்பது மலிவு என்று கணக்குப் போட்டது. அங்கே பண்ணையாருக்குச் சொந்த நிலம், நகரத்திடம் பணம். இங்கே குத்தகை நிலம், பல உள்ளாட்சிகள், நடுவில் மின்வாரியம், வனத்துறை, நீர்வளத்துறை. அப்படியே எடுத்து ஒட்ட முடியாதுதான். ஆனாலும் கோவைக்கான பில்லூர் மூன்றாம் குடிநீர்த் திட்டத்தில் பல நூறு கோடி ரூபாய் மலைக்குள் சுரங்கத்துக்கும் ராட்சதக் குழாய்க்கும் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் போனது. அதில் நூற்றில் ஒரு பங்கைக் கேத்தி பாலாடாவின் ஓடைக்கரைக்கும் கேரட் கழுவுமிடத்தின் வண்டல் தொட்டிக்கும் ஒதுக்கினால் சில கோடிகள் தேறும். ஆளுக்கு இரண்டு பாத்தி வாடகைக்கு அது தாராளம்.